ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் ஒரு மேடு

போன மாதம் தர்ஷினி போன் பண்ணினாள். நான் ஓய்வுபெற்ற ரப்பர் ஆய்வுகூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம்.

"மேடம், ரப்பர் பால் புரதத்தோட வடிவத்தைக் கண்டுபிடிக்க நீங்க எவ்வளவு காலம் எடுத்தீங்க?"

"கிட்டத்தட்ட என் சர்வீஸ் பூராவும்."

"நான் நேத்து அமினோ அமில வரிசையைக் கம்பியூட்டர்ல போட்டுட்டு தேத்தண்ணி ஊத்தப் போனேன் மேடம். திரும்பி வந்தா வடிவம் வந்து நிக்குது. அப்ப நீங்கல்லாம் அவ்வளவு காலமா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

பாருங்கள் வாயை! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போனை வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கம்பியூட்டர் சொல்வது, அந்தப் புரதம் யாரோடும் ஒட்டாமல் தனியாக நின்றால் எப்படி மடிந்திருக்கும் என்று. எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. ரப்பர் பாலில் மிதக்கிற துகளின் மேல் அது ஒட்டிக் கிடக்கும்போது எப்படி இருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் ஏன் போகமாட்டேன் என்கிறது என்பதுதான் எங்கள் கவலை. அந்தப் புரதம் கையுறையில் மிஞ்சினால் போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்குக் கை தடித்துப் போகும், சிலருக்கு மூச்சே முட்டும். வாங்குகிற நாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவான். இதையெல்லாம் மறுபடி கூப்பிட்டுத் தர்ஷினியிடம் சொன்னேன். "அப்ப அதையே எழுதித் தாங்க மேடம், ஆண்டு மலர்ல போடுறோம்" என்றாள். ஓய்வுபெற்ற பிறகும் என்னிடம் வேலை வாங்குகிறாள் அந்தப் பெண்.

படித்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிறந்தது யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அவர் வாளியில் சுமந்த பாலை நான் சோதனைக் குழாயில் சுமந்தேன், வித்தியாசம் அவ்வளவுதான். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், புலமைப்பரிசில், ஒரு குளிர் நாட்டில் சில வருடங்கள். அங்கே காற்று எப்போதும் உலர்ந்து கிடக்கும். நமக்கு உதடு வெடிக்கும், மெஷின் மட்டும் சந்தோஷமாக இருக்கும். திரும்பி வந்து எங்கள் சப்ரகமுவ மாகாணத்து மழையில் அதே வேலையைத் தொடங்கியபோதுதான் எனக்கு உண்மையான படிப்பு ஆரம்பித்தது.

மெஷின் என்று நான் சொல்வது அகச்சிவப்பு நிறமாலைமானியை. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தக் கதிருக்குச் செந்நிறக்கீழ்க் கதிர் என்று பெயர். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் அது ஐ.ஆர். தான். விஷயம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பொருளுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிடிக்கும் அதற்கென்று ஒரு தாளம். கதிரைப் பாய்ச்சினால் தன் தாளத்துக்கு உரிய பங்கை அது விழுங்கிவிடும். விழுங்கிய இடத்தில் தாளில் ஒரு மேடு எழும். புரதம் சுருளாக இருந்தால் அந்த மேடு தாளின் அலையெண் கோட்டில் ஆயிரத்து அறுநூற்று ஐம்பதை ஒட்டி நிற்கும். மடிப்பு மடிப்பாக இருந்தால் கொஞ்சம் தள்ளி, ஆயிரத்து அறுநூற்று முப்பது பக்கம் போய் நிற்கும். அந்தச் சின்னத் தள்ளலை வைத்துத்தான் நாங்கள் வடிவத்தைச் சொன்னோம்.

சிக்கல் எங்கே என்றால், தண்ணீரும் அதே இடத்தில்தான் வந்து குதிக்கும். நம்ம பக்கம் தண்ணீர் இல்லாத இடம் எது, சொல்லுங்கள்? சுவர் வியர்க்கும், செருப்பில் பூஞ்சை பிடிக்கும், துவைத்த சேலை காய்வதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். ஆரம்பத்தில் உப்பைப் பளிங்காக அறுத்துச் செய்த வில்லைகள் வைத்திருந்தோம், மாதிரியைப் பூசுவதற்கு. பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் ஒரு வில்லையைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடிக்கு ஊதுகிற மாதிரி ஹா என்று ஊதி, சட்டை நுனியால் பதவிசாகத் துடைத்துத் திருப்பித் தந்தார். கண்ணாடி மாதிரி வாங்கினார், கற்கண்டு மாதிரி தந்தார். அதற்குப் பிறகு தண்ணீருக்குக் கரையாத வில்லைகளுக்கு மாறினோம்.

அப்புறம் உலர் அலுமாரி. அதுதான் எங்கள் மூலஸ்தானம். கண்ணாடிக் கதவு, காற்றுப் புகாமல் ரப்பர் விளிம்பு, உள்ளே கீழ்த் தட்டுகளில் நீல நிறச் சிலிக்கா மணிகள். மணி ஈரத்தைக் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும். சூட்டடுப்பில் போட்டு எடுத்தால் மறுபடி நீலம். ஒவ்வொரு காலையும் அந்த மணிகளை மாற்றுவது சிவலிங்கம் அண்ணனின் வேலை. எங்கள் ஆய்வுகூட உதவியாளர். குள்ளமான மனிதர், தலை நிறைய முடி, நெற்றி நிறைய விபூதி. ஆராய்ச்சி நிலையத்தின் வீட்டில்தான் குடும்பத்தோடு இருந்தார். வேலை இருக்கும்வரை வீடு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எங்கள் பிரிவுத் தலைவர் மாலனி மேடம். குருவிட்டவில் மாணிக்கக்கல் வியாபாரக் குடும்பம். நல்ல உயரம், கண்டிப் பாணியில் கட்டின ஒசரிச் சேலை, காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. அவருடைய அப்பா கல்லைப் பார்ப்பது போலத்தான் மேடம் வரைபடத்தைப் பார்ப்பார். மேசையில் வைத்துப் பார்க்கமாட்டார். தாளை எடுத்துக்கொண்டு கிழக்கு ஜன்னலுக்குப் போவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் சரித்து, அந்தப் பக்கம் சரித்து, கடைசியில் தலைகீழாகவும் ஒரு தரம். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. எவ்வளவு அழகான வரைபடம் கொண்டுபோனாலும் நன்றாக இருக்கிறது என்ற சொல் வராது. கல் வாங்க வந்தவர் எவராவது கல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வாரா? விலை ஏறிவிடுமே! "பலமு" என்பார். சிங்களத்தில், பார்க்கலாம் என்று அர்த்தம்.

முதல் வருடம் முழுக்க அந்தப் "பலமு"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அழுகையாக வந்தது. பிறகு அதில் ரகம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். இழுத்துச் சொன்னால், குப்பையில் போடு. சட்டென்று சொன்னால், இன்னொரு தரம் செய். தாளைத் திருப்பித் தராமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னால், அம்மா தாயே, அன்றைக்குக் கோயிலில் போய்த் தேங்காய் உடைக்கலாம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன், ஏன் மேடம் இப்படி என்று. என்னை அவர் "துவே" என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று. "துவே, முதல்ல குறையைத் தேடு. அழகு எங்கேயும் ஓடிப் போகாது" என்றார்.

இனி அந்த மேட்டின் கதைக்கு வருகிறேன்.

அந்த வருடம் ஐ.ஆர். மெஷினைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போகப் பேச்சு அடிபட்டது. மலையடிவாரத்தில் மழைக்குள் கிடந்து என்ன சாதித்துவிட்டது என்று மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரு கமிட்டி வந்து பார்த்து முடிவு சொல்லும் என்றார்கள். மெஷின் தப்பித்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆயுசு முடிந்து அதுவாக நிற்கும்வரை எங்களோடுதான் இருந்தது. தப்புமா தப்பாதா என்று எங்களை உயிரோடு வாட்டியது சிவலிங்கம் அண்ணனின் உத்தியோகம்தான்.

ஒவ்வொரு வருடமும் நவராத்திரியின்போது ஆய்வுகூடத்தில் மெஷின்களுக்குப் பூசை போடுவோம். சிவலிங்கம் அண்ணன்தான் பூசாரி. சென்ட்ரிபியூஜுக்குச் சந்தனப் பொட்டு, ஐ.ஆருக்குப் பூமாலை. மேடம் பௌத்தர். ஆனாலும் குளித்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, உள்ளே நெருப்புக் கூடாது. ஈதரும் அற்ககோலும் இருக்கிற அறை, ஒரு பொறி போதும். அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டில் சூடத்தைக் கொளுத்தாமல் வைத்து மெஷின்களுக்குக் காட்டுவார். பிறகு எல்லோரும் வரிசையாக வெளியே பலாமரத்தடிக்குப் போவோம். அங்கே ஒரு துண்டைக் கொளுத்திக் கட்டடத்தைப் பார்த்துக் காட்டுவார். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு தீபாராதனை நடந்திருக்காது.

அதற்கு முந்தின வருடம்தான் ஒரு வில்லங்கம். தேங்காயை வாசற்படியில் உடைத்ததில் இளநீர் தெறித்து, சுவரோரம் இருந்த பிளக்கில் இறங்கிக் கரண்ட் போய்விட்டது. எங்கள் நிர்வாக அதிகாரி, எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுவதால் நாங்கள் "சேர்குலர் சேர்" என்று கூப்பிடுவோம், அண்ணனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இதுதான் கடைசி எச்சரிக்கை. இன்னொரு தரம் பூசையால ஏதாவது நடந்தா, வீட்டுச் சாவியை மேசையில வச்சிட்டுப் போயிரு." அண்ணன் அன்றிலிருந்து தேங்காயைப் பலாமரத்தடிக்கு மாற்றிவிட்டார்.

நான் சொல்கிற வருடத்துப் பூசை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அவலும் கடலையும் எல்லோரும் தின்றோம். வழக்கம்போல அண்ணன் பூசைத் தட்டை மரியாதையாக மேடத்தின் கையில் கொடுத்தார். மேடம் வாழைப்பழத்தை எடுத்து எனக்குப் பாதி தந்தார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அதற்கடுத்த வாரம் மேடு எழுந்தது.

எங்கள் வேலையின் ஒழுங்கைச் சொன்னால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். விடியற்காலை வெட்டின பாலை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவோம். வடிகட்டி, குளிர வைத்து, சென்ட்ரிபியூஜில் சுழற்றுவோம். நின்ற பிறகு குழாயைப் பார்த்தால் மேலே வெண்ணெய் மாதிரி ரப்பர், நடுவே தெளிந்த நீர், அடியில் மஞ்சளாக ஒரு வண்டல். நமக்கு வேண்டியது மேலே இருக்கிற ரப்பர். அதை மெதுவாக வழித்தெடுத்துக் கழுவி, மறுபடி சுழற்றி, மறுபடி கழுவி, துகளின் மேல் போர்த்தியிருக்கும் புரதத்தைச் சோப்பு மாதிரி ஒன்றால் தளர்த்தி எடுப்போம். என்னதான் செய்தாலும் அதோடு ரப்பர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். அந்தக் கரைசலில் ஒரு சொட்டு வில்லையின் நடுவில். ஆடக்கூடாது, தும்மக்கூடாது. உலர் அலுமாரியில் வைத்து ஒரு ராத்திரி காயவிட்டால் மெல்லிய ஏடாகப் படியும். காலையில் எடுத்து மெஷினில் வைக்கிறோம்.

வழக்கமான மேடுகள் வழக்கமான இடத்தில் நின்றன. அவற்றுக்குத் தள்ளி, ஆயிரத்து எழுநூற்று நாற்பதில், இதுவரை யாரும் பார்க்காத கூரான ஒரு மேடு.  அந்த இடத்தில் மேடு வந்தால் கொழுப்பு அமிலக் கட்டு ஒன்று இருக்கிறது என்பது பாலபாடம். அதாவது, இந்தப் புரதத்தின் முதுகில் ஒரு கொழுப்பு வால் இருக்கிறது! அந்த வாலை ரப்பருக்குள் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! கழுவினால் எப்படிப் போகும்?

மேடம் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சரித்தார், திருப்பினார். தாளைத் தராமல், "பலமு" என்றார். நான் தேங்காய்க்குச் சொல்லி அனுப்பினேன்.

குறை தேடத் தொடங்கினோம். வெறும் வில்லையை அலுமாரியில் வைத்து எடுத்தோம், சுத்தமாக இருந்தது. வேறு மரத்துப் பால், வேறு தோட்டத்துப் பால், எல்லாவற்றிலும் மேடு. வில்லையில் காய்ந்த ஏட்டைக் காரத்தில் நனைத்து, காற்று ஊதி அங்கேயே உலர்த்திப் பார்த்தோம். மேடு மாயம்! காரம் கொழுப்புக் கட்டை அறுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கையுறைத் தொழிற்சாலையில் காரத்தில் ஒரு முக்கு முக்கினால் போதும், அலர்ஜிக்கு விடுதலை. மேடத்தின் முகத்தில் முதல்முதலாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். கமிட்டிக்குக் காட்டப் படங்கள் தயாராயின.

கமிட்டி வரும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கோ மண் சரிந்து கரண்ட் கம்பம் விழுந்தது. கரண்ட் இல்லாமல் மணிகளைச் சூடாக்க முடியாது, மணிகள் இளஞ்சிவப்பாகிக்கொண்டே வந்தன. அலுமாரியைத் திறக்காதே என்று மேடம் உத்தரவு. எனக்குப் பொறுமை கிடையாது. மிச்சமிருந்த நீல மணிகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, அதற்குள் என் வில்லையை வைத்து மூடிக் காயவிட்டேன். கரண்ட் வந்ததும் மெஷினில் வைத்துப் பார்த்தால், ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் ஒன்றுமே இல்லை. வெறும் தரை.

மரம் அதே மரம். புரதம் அதே புரதம். செய்தது அதே கை. அலுமாரி மட்டும்தான் வேறு.  அதற்கு முந்தின வாரங்களின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். மேடு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டு வந்திருக்கிறது. கட்டு என்றால் அது பாட்டுக்கு அப்படியே நிற்க வேண்டும், ஏன் இறங்குகிறது?

ஸ்டூலை இழுத்துப் போட்டு அலுமாரியைத் தட்டுத் தட்டாக வெளியே எடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேல் தட்டு அலுமாரியின் உச்சியை ஒட்டி இருக்கும். அங்கே எதுவும் வைப்பதில்லை, யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஸ்டூலில் ஏறிக் கையைவிட்டுத் துழாவினேன். குளிர்ச்சியாக ஏதோ பட்டது. இழுத்தேன். பித்தளைத் தட்டு. காய்ந்த செவ்வந்தி, குங்குமம், விபூதி, நடுவே கரைந்து கரைந்து பட்டாணி அளவுக்கு ஆகிவிட்ட சூடத் துண்டுகள்.

முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சூடம் கொளுத்தாமலே காற்றில் கரைகிற சாதி. மூடின அலுமாரிக்குள் ஆவியாகி, ஏட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பருக்குள் சுகமாகப் போய்ப் படுத்திருக்கிறது. வெறும் வில்லையில் படுக்க இடம் இல்லை, அதனால்தான் அது சுத்தமாக வந்தது. காரத்தில் நனைத்துக் காற்று ஊதியபோது பறந்துவிட்டது, நாங்கள் கட்டு அறுந்தது என்று கொண்டாடினோம். சூடத்துக்கும் ஆயிரத்து எழுநூற்று நாற்பதில்தான் மேடு வரும். வாசனை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். பால் கெடாமலிருக்க அமோனியா ஊற்றுகிற இடத்தில் வேலை செய்து பாருங்கள். எங்கள் மூக்குகள் எங்களுக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டன.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. அந்த உயரத்துக்கு எனக்கே ஸ்டூல் வேண்டும். சிவலிங்கம் அண்ணனுக்கு ஸ்டூல் மேல் இன்னொரு ஸ்டூல் வேண்டும். நின்ற நிலையில் கை எட்டுகிற ஆள் எங்கள் பிரிவில் ஒருவர்தான்.

அண்ணன் மணித் தட்டோடு உள்ளே வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, நான்தான் மிஸ் மேடத்துக்கிட்ட சொன்னேன். இது சாமி சாமான், கீழ வைக்காதீங்க, ஈரம் படாத இடமா வைங்கன்னு."

"ஈரம் படாத இடமா! அண்ணே, இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு இடம்தான் இருக்கு!"

"மிஸ், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் வச்சேன்னே இருக்கட்டும். அவங்க பெரிய மனுஷி, கொழும்பு ஆளுங்க முன்னாடி தலை குனியக் கூடாது. எனக்கு என்ன மிஸ், திட்டு வாங்கிப் பழகின ஒடம்பு."

"திட்டோட போனாத் தேவலையே! சாவியை வாங்கிட்டா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கண்ணே போவீங்க?"

 அவர் மணிகளைத் தட்டில் கொட்டிச் சமப்படுத்திக்கொண்டே நின்றார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

மேடத்திடம் வெறும் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜாடியில் காய்ந்த, மேடே இல்லாத அந்த ஏட்டை ஒரு துண்டுச் சூடத்தோடு சேர்த்து வைத்தேன். மறுநாள் மெஷினில் பார்த்தால் மேடு வந்து நின்றது, திருவிழாக் கொடி மாதிரி. அந்தத் தாளையும் பழைய தாளையும் மேடத்திடம் நீட்டினேன். ஜன்னலுக்குப் போனார். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அச்சு அசலாக ஒன்றுக்கொன்று பொருந்தின.

"இது எந்த மரத்துப் பால் துவே?"

"மரம் இல்ல மேடம். பூசைக் கடைச் சூடம்."

"தட்டு எங்கே இருந்தது?"

"மேல் தட்டுல."

தாள்களைக் கீழே இறக்கினார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு "பலமு" என்றார். நான் அறிந்த எந்த ரகத்திலும் சேராத "பலமு" அது. 

எங்கள் நிலையத்தில் சுவருக்கும் வாய் உண்டு. அன்று மத்தியானமே சேர்குலர் சேர் வந்து நின்றார். பூசைத் தட்டு அலுமாரிக்குள் இருந்ததாமே, ஆராய்ச்சியே பாழாமே, அலுமாரிக்குப் பொறுப்பு சிவலிங்கம்தானே என்றார். அண்ணன் "ஆமாங்க சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் கையை உயர்த்தினார். "கமிட்டி வரட்டும். அங்கேயே பேசலாம்." இதைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கமிட்டிக்கு முன்னால் என்றால் அண்ணனைத் தப்ப வைக்கவா, பலி கொடுக்கவா?  மேடத்துக்கு ஓய்வுபெறச் சொற்ப காலம்தான் இருந்தது. அப்பழுக்கில்லாத பெயர். அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஏழையின் பெயரைக் கொடுத்தவர்களை நான் தோட்டத்திலும் பார்த்திருக்கிறேன், குளிர் நாட்டிலும் பார்த்திருக்கிறேன்.

கமிட்டி வந்தது. கொழும்பிலிருந்து மூன்று பேர். தலைவருக்கு வெள்ளைத் தலை, கனமான குரல். மேடம் படங்களைப் போட்டுப் பேச ஆரம்பித்தார். மேட்டைக் காட்டினார். கொழுப்பு வால் பற்றிய கணிப்பைச் சொன்னார். காரத்தில் நனைத்த படத்தையும் காட்டினார். தலைவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "அற்புதம்! இதை உடனே எழுதி அனுப்ப வேண்டும்" என்றார்.  மேடம் இத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

மேடம் அடுத்த படத்தைப் போட்டார். மேட்டின் மேல் மேடு, ஒரே அச்சு. "கீழே இருப்பது எங்கள் புரதம். மேலே இருப்பது கோயிலில் கொளுத்துகிற சூடம். மூடின உலர் அலுமாரிக்குள் ஒரு பூசைத் தட்டு இருந்திருக்கிறது" என்றார்.

 தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார் பாருங்கள், மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். "மூடின அலுமாரிக்குள்ள சாமிக்கு வச்ச சூடத்தையே பிடிச்சுக் குடுத்துருச்சா இந்த மெஷின்? இதைவிடப் பெரிய சோதனை கொழும்புல என்ன வைக்கப்போறோம்?" என்று கேட்டார். மெஷின் அந்த இடத்திலேயே தப்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவலிங்கம் அண்ணன் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தார். சேர்குலர் சேர் எழுந்துவிட்டார். "சிரிக்கிற விஷயம் இல்ல சேர். ஆராய்ச்சி பாழானதுக்கு இந்த ஆள்தான் காரணம். போன வருஷமே கடைசி எச்சரிக்கை குடுத்தாச்சு. இன்னிக்கே முடிவெடுக்கணும்" என்று விரலை நீட்டினார். அண்ணன் தட்டோடு அப்படியே நின்றார். கோப்பைகள் மட்டும் தட்டில் கிணுகிணுத்தன.

மேடம் சேர்குலர் சேரைப் பார்க்கவில்லை. கமிட்டியைப் பார்த்துச் சொன்னார், கல்லுக்கு விலை சொல்கிற அதே குரலில்.

"தட்டை அலுமாரியில் வைத்தது நான். ஈரம் படக்கூடாது என்று சிவலிங்கம் சொன்னார். அவருடைய தெய்வத்தின் பொருளை எந்த இடத்தில் வைப்பது என்று யோசித்தேன், அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

சேர்குலர் சேர் உட்கார்ந்துவிட்டார்.  தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யார் பெயரையும் எழுத இங்கே ஒன்றும் இல்லை" என்றார்.

எங்கள் நிலையத்தில் தேத்தண்ணி கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வந்திருக்கிற பெரியவர், பிறகு அவருக்கு அடுத்தவர், கடைசியில் எங்கள் ஆட்கள். சேர்குலர் சேர் அதற்கும் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். அண்ணன் தட்டோடு நடந்தார். தலைவர் கையை நீட்டினார். அண்ணன் அவரைக் கடந்து போனார், அடுத்தவரையும் கடந்து போனார். நேரே மேசையின் கோடிக்குப் போய், முதல் கோப்பையை எடுத்து இரண்டு கையாலும் மேடத்தின் முன்னால் வைத்தார்.

"குடிங்க மேடம். ஆறிரும்."

மேடம் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். தலைவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.